டோலியை இறக்கி வைத்த எங்கள் அப்பா

அப்பா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலர் அவரைக் கோபக்காரர் என்றே அறிவீர்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை, எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போன மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரில். வெள்ளைக்காரர் போன பிறகும் மலை ஜாகீர்தாரிடமே இருந்தது. உழவுக்கும் அறுப்புக்கும் வீட்டுக்கு ஒருவர் கூலியின்றி உழைக்க வேண்டும். அவர் மலையேறினால், கம்பில் கட்டிய டோலியில் வைத்துச் சுமக்க வேண்டும். நோயாளிகளை அடிவாரத்துக்கு இறக்குவதும் டோலியில்தான். அதற்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் தோள் கொடுப்பது எங்கள் முறை.

ஒருநாள் ஜாகீர்தாரைச் சுமந்து ஏறும்போது, பாதி ஏற்றத்தில் அப்பா நின்றுவிட்டார். டோலியை இறக்க வேண்டியதாயிற்று.

"இன்னாடா, தோளு வலிக்குதா?" என்றார் உடன் வந்த ஜாகீர்தாரின் மணியக்காரர்.

"தோளு நல்லாத்தான் கீது சாமி. உள்ள குந்திக்கினு இருக்கறவருக்கும் காலு நல்லாத்தான கீது?"

சுமந்தவர்களில் ஒருவர் சிரித்தேவிட்டாராம். அன்று மாலையே மணியக்காரர் ஊரைக் கூட்டி, இனி அப்பாவின் வீட்டுக்கு எவரும் தோள் கொடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டார்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குத் தலைப்பிரசவம். வலி கண்டும் குழந்தை இறங்கவில்லை. அப்பா முதலில் தட்டியது பெரியப்பா வீட்டுக் கதவை.

"அண்ணா, தெறண்ணா. அவ பொழைக்க மாட்டா போல கீது."

"நான் புள்ளகுட்டிக்காரன்டா தம்பி. போய்டு."

வேறு கதவுகளும் திறக்கவில்லை. அப்பா அம்மாவை முதுகில் சுமந்து இறங்கினார். வழியிலேயே என் அண்ணன் இறந்து பிறந்தான். அப்பாவே குழி வெட்டினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அம்மாவை மட்டும் காப்பாற்றினார்கள்.

காலில் விழுந்தால் ஊரில் சேர்த்துக்கொள்வதாக மணியக்காரர் சொல்லியனுப்பினார். அப்பா போகவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் மறுத்தார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அது உண்மையல்ல. ஜாகீர் ஒழியும்வரை டோலி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் தோள் மட்டும் அதில் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். என்னைக் கள்ளக்குறிச்சி விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். கடைசி நாட்களில் மூச்சு விடவே சிரமப்பட்டார். பெரியப்பா வந்து அருகில் அமர்ந்தார்.

"அன்னிக்குப் பயந்துட்டேன்டா தம்பி."

"எனக்குந்தாண்ணா பயம்" என்றார் அப்பா.

அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும், அடக்கத்துக்கு வந்த ஊராருக்கும், சின்னசேலத்திலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. பெரியப்பாவையும் இதில் சேர்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கடைசியா வாயில தண்ணி ஊத்துனது அவருதான், எழுது. அன்னிக்குக் கதவு தெறக்கலன்னும் எழுது" என்றார்.

இரண்டையும் எழுதிவிட்டேன்.