ஆடித் தள்ளுபடி ஸ்வெட்டர்

ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் குவியலைக் கிளறியபோது அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, அப்பா பிரான்சுக்குப் போனார். சீக்கிரமே எங்களையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். புதுச்சேரி வெயிலில் ஸ்வெட்டரை யார் வாங்குவார்கள்? ஆடி வந்தால் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். லாஸ்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து அம்மா என்னைக் கூட்டிப்போவாள். வியர்வை வழிய வழிய அந்தக் கம்பளியை எனக்கு மாட்டிப் பார்ப்பாள்.

“பெருசா இருக்கும்மா.”

“இருக்கட்டும்டி. விசா பேப்பருங்க வர்றதுக்குள்ள நீ வளந்துடுவ. அங்க பனி கொட்டுமாம்.”

பேப்பர் வரவில்லை. போன் வருவதும் நின்றுபோனது. அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருப்பதைத் தெருவே சொன்னது. அடுத்தடுத்த ஆடிகளிலும் அம்மா ஓர் அளவு பெரியதாக வாங்கினாள். விலைச்சீட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் பீரோவில் அடுக்கினாள். நான் வளர்ந்த கணக்கு அதற்குள்தான் இருந்தது.

இன்று நரைத்த தலையோடு அம்மா என் பக்கத்தில் நின்றாள். ஒரு ஸ்வெட்டரை உருவி என் முதுகில் வைத்து அளந்தாள். நான் வளர்ந்து முடித்து எவ்வளவோ வருடமாகிவிட்டது.

“இது சரியா இருக்குதேடி,” என்றாள். அதைக் குவியலிலேயே போட்டுவிட்டு, இன்னும் பெரியதாக ஒன்றைத் தேடத் தொடங்கினாள்.