வில்லனுக்கு அப்பாவின் குரல்

போன ஞாயிறு வேலூரில் ஒரு கத்திச்சண்டைப் படம் பார்த்தோம். அவ்வகைப் படங்கள் என் கணவருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. வில்லன் செத்து விழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

பேசும்படம் வருவதற்கு இரண்டாண்டு முன்பு, ஆம்பூரில், ஒரு மாசி மாதம். எனக்கு எட்டு வயது. அப்பா தோல் பதனிடும் கிடங்கில் மேஸ்திரி. டென்ட் கொட்டகையில் ஊமைப்படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசுவார். அன்று நான் அப்பாவோடு போயிருந்தபோது பேசியவன் மாணிக்கம். கிடங்கில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்துபோனதும் அப்பா வேலையிலிருந்து நிறுத்தியவன்.

திரையில் கொடியவன் சாட்டையோடு வந்தான். மாணிக்கம் அப்பாவின் குரலை எடுத்தான்.

"இன்னாடா, கை எரியுதா? எரிஞ்சா ஊட்டுக்குப் போய்டு. வெளியே பத்துப் பேரு நிக்கிறான்!"

"அட, நம்ம மேஸ்திரிடா!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. கிடங்குக்கு மதியச் சோறு கொண்டுபோகும்போது அந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். வீட்டில் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை அவர். கடைசியில் கொடியவன் கிணற்றில் விழுந்தபோது எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். அப்பா திரையைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். பிறகு கேட்டார்: "அவன் செத்ததுக்கா, கண்ணு, கை தட்டினே?"

"படம்தானேப்பா."

"ஆமா. படம்தான்."

மறுநாள், இனிமேல் என்னிடம் சோறு கொடுத்தனுப்ப வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்தக் குரலை அதன் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எந்தப் படமானாலும் கொடியவன் வாய் திறக்கும்போது அதைத்தான் கேட்கிறேன்.