தியேனேயின் ‘இல்ல’

“எத்தனை நாளா தலைவலி?”

தியேனேயின் முதல் கேள்வி இது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய், யாரோடு சண்டை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று அடுத்தடுத்துக் கேட்பார். பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வலி விட்டுப்போகும். மீதிப் பேருக்கு ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்து, “குடிச்சிட்டு நிழல்ல படு. மாத்திரை இல்ல” என்பார்.

கிரிபஸ் என்ற தீவு நாட்டின் தென்கோடித் தீவு ஒன்றில், இரண்டே அறையுள்ள மருத்துவமனையின் ஒரே நர்ஸ் அவர். ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, காதோரம் எப்போதும் ஒரு பூ. மருந்துக் கப்பல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் என்பது காகிதத்தில்தான். அதனால் ‘இல்ல’ சொல்வதில் தியேனேயை மிஞ்ச ஆளில்லை.

மீன் பிடிக்கும் பவுரோ, பவளப்பாறை கிழித்த காலோடு வந்து மாத்திரை கேட்டான். கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் சோப்புத் தண்ணீரால் புண்ணைத் தேய்த்துக் கழுவி அனுப்பினார். அவன் சும்மா இருப்பானா? ‘செத்தவன் எழுந்து கேட்டாலும் இல்ல என்பாள் தியேனே’ என்று பாட்டுக் கட்டி ஊர்க்கூடத்தில் பாடிவிட்டான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தியேனேதான். “இன்னொரு தடவ பாடுடா” என்று கேட்டு வாங்கினார்.

அந்த முறை கப்பல் நாலு மாதமாகியும் வரவில்லை. பவுரோ தன் நாலு வயது மகள் தெரேத்தியாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். வாயில் கேலி இல்லை. தியேனே குழந்தையின் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நிமோனியா.

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா வெளியே வந்தது. அதில் கிருமியைக் கொல்லும் அமாக்சிசிலின் கேப்சூல் நான்கு. பிரித்துத் தென்னம்பாகில் குழைத்து ஊட்டினால் இரண்டு நாளைக்கு வரும். ஐந்து நாள் வேண்டும்.

வானொலிப் பெட்டியில் பக்கத்துத் தீவில் நர்ஸாக இருக்கும் இளைஞன் தோக்கியாவைக் கூப்பிட்டார்.

“தோக்கியா, அமாக்சிசிலின் வச்சிருக்கியா?”

“இல்லக்கா.”

“உன் ‘இல்ல’ எனக்குத் தெரியாதாடா? கொழந்தடா. மூச்சு வாங்குது.”

பெட்டி கரகரத்தது. “மூணு நாளைக்குத் தரேன். உங்ககிட்ட ஆஸ்துமா பம்பு இருக்கா? இங்க வாத்தியாரோடது தீரப்போகுது. போன வாரம் கேட்டப்ப இல்லன்னீங்க.”

தியேனே நிமிர்ந்தார். ஜன்னலில் பாதி ஊர் நின்றது.

“மூணு இருக்கு” என்றார், வாய்க்குள்ளேயே.

“கேக்கலக்கா.”

“மூணு இருக்குடா! ரெண்டு அனுப்பறேன்!”

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பவுரோ சிரிக்கவில்லை. பம்புகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு படகை எடுத்தான். இருபத்தைந்து மைல் கடல். மறுநாள் மதியம் அவன் திரும்பும்வரை தியேனே குழந்தையின் பாயைவிட்டு எழவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் தெரேத்தியா எட்டி, அவர் காதிலிருந்த பூவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

கப்பல் அடுத்த வாரம் வந்தது. கடல் உள்வாங்கியிருந்ததால் சரக்கு கொண்டுவந்த படகுகள் தூரத்திலேயே நின்றுவிட்டன. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தியேனே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போனார். மருந்து அட்டைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பவுரோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எதிரே ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினான்.

“குடுங்கக்கா, நான் தூக்கறேன்.”

தியேனே நின்றார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கையால் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த செருப்பை அவனிடம் கொடுத்தார்.