எங்கள் அப்பாவின் பெயர் உங்கள் குடும்பப் பெயர் அல்ல

நீங்கள் தெரிந்தே பொய் எழுதினீர்கள். வெள்ளானூரில் உங்கள் நிலத்தில் என் அப்பா நாற்றுக்கட்டு சுமந்ததைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள். அப்படியிருந்தும் உங்கள் வம்ச மலரில் என் தங்கையின் படத்தைப் போட்டு, கீழே ‘நிலக்கிழார் பரம்பரை’ என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

மலரைப் பார்க்காமல் இந்தக் கடிதத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். மலரைப் போட்ட இவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயரை அந்தக் குடும்பத்தார் எல்லோரும் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பெயரோடு பெரிய ஆளானவர்களைத் தேடிப்பிடித்து மலர் போட்டிருக்கிறார்கள். ஒரு நீதிபதி, ஒரு கல்லூரி முதல்வர், ஒரு படத் தயாரிப்பாளர். கடைசிப் பக்கத்தில் என் தங்கை. வெளிநாட்டில் குழந்தைகளுக்கு இருதய ஆபரேஷன் செய்கிற டாக்டர். அவள் பெயருக்குப் பின்னாலும் அதே பெயர்.

அது எங்கள் அப்பாவின் பெயர். இங்கே இருந்தவரை வெறும் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு எங்கே இருக்கிறது குடும்பப் பெயர்? எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், அப்பா பெயரை எழுதினாள். அங்கே ஆஸ்பத்திரியில் அவளை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்பாவுக்கு அந்தப் பெயர் வந்ததே மரியாதையால்தான். உங்கள் கொள்ளுத்தாத்தா செத்த வருஷம் அப்பா பிறந்தார், அதனால் அவர் பெயரை வைத்தார்கள். வைத்த பிறகுதான் சிக்கல். முதலாளி பெயரைச் சொல்லி, களத்துமேட்டில் ஒரு கூலிக்காரப் பையனை ‘டேய்’ என்று எப்படி அதட்டுவது? பெற்றவர்களே கூப்பிடப் பயந்தார்கள். நீங்கள் எல்லோரும் ‘மொட்டை’ என்றீர்கள். அதுவே நிலைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சேர்ந்த அன்று டைம் கீப்பர் முழுப் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார். அப்பா திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

வெளியீட்டுக்கு முன்பே மலர் வாட்ஸ்அப்பில் சுற்றியது. கம்பெனி கேன்டீனில் கூட வேலை செய்கிறவன் பிடித்துக்கொண்டான்.

“இன்னா ஜமீன், சொல்லவே இல்ல? இத்தினி நாளா ஏழ மாரி ஆக்ட் குட்த்துகினு கீற!”

“மூடிகினு துன்றா” என்றேன்.

வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். “அப்போ நான் குடும்பம் நடத்துனது யார் கூடடா?” என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். அப்பா செத்து வருஷம் திரும்பவில்லை. அந்தப் பக்கத்தில் அவர் வேலை இல்லை, பிரஸ் மெஷின் இடித்துக்கொண்டு போன விரல் இல்லை, அவர் கட்டின வீடு இல்லை.

உங்களுக்குப் போன் செய்தேன். “சர்நேம் ஒண்ணுதானேப்பா? உங்களை மேலதானே தூக்கி வெச்சிருக்கோம், இதுல கோவம் எதுக்கு?” என்றீர்கள். தங்கையோ, “விடுண்ணா, யாரு படிக்கப் போறா” என்கிறாள். அவளுக்கு அலுப்பு. எனக்கும்தான். ஷிப்ட் முடித்து ரயிலில் நின்றுகொண்டே திருநின்றவூர் வந்து சேர்ந்தால் சண்டை போடத் தெம்பில்லை. ஆனால் விட முடியவில்லை. அவள் பிள்ளைகள் நாளைக்கு அந்தப் பெயரைத் தேடினால் உங்கள் மலர்தான் வரும். தாத்தா நூறு ஏக்கர்க்காரர் என்று நம்பிவிடுவார்கள். நான் இல்லையென்றால் மறுக்க ஆள் இல்லை.

திருத்தம் போடுகிறேன், பிறகு பார்க்கலாம் என்று இனி போனில் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் மலர் வெளியீட்டு விழா. நீதிபதி வருவார், ஊரே வரும். நானும் அம்மாவும் முன்வரிசையில் உட்காருவோம். மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: இந்த டாக்டரின் தகப்பன் உங்கள் சொந்தக்காரரா, உங்கள் கூலியாளா?