ஐஸ்காரர் சொன்ன கருத்து

எங்கள் ஆஸ்பத்திரியில் என் அக்கா புருஷனுக்கு ஐஸ்காரர் என்று பெயர். சம்பளச் சீட்டில் பிணவறைப் பொறுப்பாளர் என்று இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. கேன்டீன் வரிசையில் அவர் வந்து நின்றால் முன்னால் நிற்கிறவர்கள் தாமாக ஒதுங்கிக்கொள்வார்கள். "மரியாதை மாப்ள, எல்லாம் மரியாதை" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் மூன்றாவது மாடியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளன். அவர் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில். மேலே என்னிடம் வருகிறவர்களில் சிலர் கடைசியில் கீழே அவரிடம்தான் வரப்போகிறார்கள் என்று கேலி பேசுவார். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. சொன்னாலும் விடமாட்டார்.

ஆனால் வேலையில் மனிதர் வேறு ஆள். பிணம், பாடி என்ற சொற்கள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "இன்னைக்கு மூணு ஆள் இருக்காங்க" என்பார். உறவுக்காரர்களை உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, தலைமுடியைக் கையாலேயே ஒதுக்கிவிடுவார். அப்படிச் செய் என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவராகச் செய்வது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு வந்த ஆள், பாப்பா. அவருடைய ஒரே மகள். பத்தொன்பது வயது. கல்லூரிக்கு ஸ்கூட்டரில் போனவளைத் திருப்பத்தில் லாரி அடித்துவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு அது யார் என்று தெரியாது. கையெழுத்துப் போடத் துணியை விலக்கிப் பார்த்தவர் மாமா. நான் மூச்சிரைக்க மாடியிலிருந்து ஓடி வந்தபோது மூன்றாம் நம்பர் குளிர்பெட்டியை அவரே மூடிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை.

அன்று காலை வீட்டில் அக்காவுக்கும் பாப்பாவுக்கும் சண்டை. என்ன சண்டை என்று கேட்டால், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதில் ஆரம்பித்தது என்பாள் அக்கா. அதற்கு மேல் சொல்லமாட்டாள். பாப்பா சாப்பிடாமல், போய்விட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், கதவை அறைந்துவிட்டுப் போனாள். அதைத்தான் அக்கா திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "என் மேல கோபமாவே போயிட்டாடா. கோபமாவே போயிட்டா." சோறு இறங்கவில்லை. சர்க்கரை மாத்திரையைக் கையால் தொடவில்லை. நாலாவது மாதம் மயங்கி விழுந்தாள். அவள் ரத்தத்தை என் கையால்தான் சோதித்தேன். நானூற்றுச் சொச்சம் என்று மெஷின் காட்டியது. இவளும் கீழே போய்விடுவாள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது.

அவள் வீடு திரும்பிய அன்று சாயங்காலம்தான் மாமா அந்தப் பொய்யைச் சொன்னார்.

"இன்னைக்குப் பாப்பா வந்தா."

அக்கா நிமிர்ந்து பார்த்தாளாம்.

"மூணாம் நம்பர் பக்கத்துல நின்னா. அம்மா மேல எனக்குக் கோபமே இல்ல, மாத்திரையைப் போடச் சொல்லுங்கன்னு சொன்னா."

அக்கா எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் வைத்து மாமா என்னிடம் இதைச் சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் தோணல மாப்ள. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சாப்பிட்டா." நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். சொல்கிறவன் வந்து அக்காவைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தரமாவது பாப்பா வந்தாள். மஞ்சள் சுடிதாரில் வந்தாள். கண் டாக்டரிடம் போகச் சொன்னாள். அம்மா திரும்ப வேலைக்குப் போகணும் என்றாள். அக்கா கண் டாக்டரிடம் போனாள். துணிக்கடையில் பேண்ட் நீளம் குறைத்துத் தைக்கும் வேலைக்குத் திரும்பப் போனாள். சமயத்தில் மாமாவே கேன்டீனில் என்னிடம் வந்து, "அடுத்து என்ன சொல்லலாம் மாப்ள?" என்று யோசனை கேட்பார். "உப்பைக் குறைக்கச் சொல்லுங்க" என்பேன். அந்த வாரம் பாப்பா உப்பைக் குறைக்கச் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்பாளாம். "கோபம் இல்லைன்னுதானே சொன்னா?" மாமா ஆமாம் என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததை நான்தான் கெடுத்தேன். பரிசோதனைக் கூடத்துக்கு மருந்துக் கம்பெனிக்காரர் இரண்டு சினிமா டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். கிழக்கே ஏதோ ஒரு நாட்டில் எடுத்து நம் மொழியில் பேசவைத்த பேய்ப்படம். தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு, துணி போட்டுப் பார்க்கும் கண்ணாடியில், வாடிக்கையாளர்களின் பின்னால் செத்துப்போனவர்கள் நிற்பது தெரியும். அவ்வளவுதான் கதை. ஊரெல்லாம் அதே பேச்சு. "ஐஸ்காரரைப் பேய்ப்படத்துக்குக் கூட்டிப் போறேன்" என்று கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டு, மதியக் காட்சிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். புத்தி கெட்டவன் நான்.

முதல் பாதியில் மாமா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "ஆளுங்க இவ்வளவு வெள்ளையா இருக்கமாட்டாங்க மாப்ள" என்று காதில் சொன்னார். கடைசியில் ஒரு காட்சி. மகளைப் பறிகொடுத்த அப்பன் கண்ணாடி முன்னால் நிற்கிறான். மகள் பின்னால் வந்து நின்று தோளில் கை வைத்து, எல்லாம் சரியாகிவிட்டது அப்பா என்கிறாள். தியேட்டரில் மூக்கை உறிஞ்சும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். மாமா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

வெளியே வாசலில் மைக்கோடு இரண்டு பேர் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பின்னணி இசை மிரட்டல்" என்றான் ஒருவன். "இடைவேளைக்கு அப்புறம் ஒரே இழுவை" என்றாள் ஒருத்தி. "பேய் வந்த வேகத்துல என் பாப்கார்ன் பூரா முன்சீட்டுக்காரர் தலையில" என்று ஒருவன் குதித்தான். நான் வண்டியை எடுக்கப் போயிருந்தேன். அதற்குள் மைக் மாமா முகத்துக்கு முன்னால் போய்விட்டது.

"சார், பயந்தீங்களா?"

"எதுக்குப் பயப்படணும்? இருபத்திரண்டு வருஷமா பிணவறையில வேலை பார்க்கிறேன். ஒருத்தரும் எழுந்து வரல. என் சொந்தப் பொண்ணை என் கையாலதான் உள்ளே வச்சு மூடினேன். ஆறு வருஷமா அந்தப் பெட்டி முன்னாடிதான் நிக்கிறேன். வந்தாளா? ஒரு நாள்கூட வரல. படம் எடுக்கிறவனுக்கு மட்டும் எப்படிய்யா வருது?"

அவ்வளவு வருடம் 'ஆள்' என்றே சொன்னவர் வாயில் அன்றுதான் பிணவறை என்ற சொல் வந்தது. நான் வண்டியோடு வந்தபோது அவர் வேர்த்துப்போய் நின்றிருந்தார். "வாயைக் கொடுத்துட்டேன் மாப்ள" என்றார். யாராவது பார்க்கவா போகிறார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன்.

மறுநாள் மதியத்துக்குள் எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அவர் பேசி முடித்ததும் ஒரு நாய் ஊளையிடும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். கீழே வரிசையாகக் கருத்துகள். "படத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு, பெரியவருக்கு அஞ்சுக்கு அஞ்சு." "பேய்க்கே லீவு கொடுத்த மனுஷன்." "அடுத்த பாகத்துல இவரையே பேயா போடுங்கப்பா." யாரோ ஒருவர், "என் அம்மாவும் வரல சார்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயும் சிரிக்கிற முகங்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பஸ்ஸில் நின்றபடி முந்நூறு கருத்து படித்தேன்.

அக்கா கண்ணில் இது படக் கூடாது. எனக்கு வேறு நினைப்பே இல்லை. அன்றைக்கே அவள் போனை வாங்கி, "அப்டேட் பண்ணித் தர்றேன்" என்று சொல்லி வீடியோ வருவதையெல்லாம் அழித்தேன். பிறகு அந்த மைக் பிடித்தவர்களைத் தேடிப் போனேன். செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், நிறைய காலி டீ கப். காலரைப் பிடித்து உலுக்கத்தான் போனேன். ஆனால் எனக்கு வீரமெல்லாம் மனசுக்குள்தான். கெஞ்சினேன்.

"சார், அவர் பேசினதுதானே, நாங்க எதுவும் சேர்க்கலையே" என்றான் அங்கிருந்தவன்.

"நாய் யார் சேர்த்தது?"

அவன் தலையைச் சொறிந்தான். அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவன் முகம் மாறியிருந்தது. என் கண் முன்னாலேயே அழித்துவிட்டான், பாவம். அழித்துவிட்டு, "ஆனா சார், இதை நாற்பது ஐம்பது பேர் எடுத்துப் போட்டுட்டாங்க. அதையெல்லாம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றான்.

ஐந்து நாள் தப்பித்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். மாமா அந்த வாரம் இரண்டு தரம் பாப்பாவை வரவழைத்தார். பயத்தில் அளவுக்கு மீறிப் பேசவும் வைத்தார்.

ஆறாம் நாள் துணிக்கடையில் பட்டன் தைக்கிற பெண், "அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தானே?" என்று போனை நீட்டியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை.

அக்கா வழக்கம்போல ஆறரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து மாமாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. மாமாவுக்கும்.

"அது சும்மா கேமராவுக்காகப் பேசினது" என்றார் மாமா. "அப்படிப் பேசினாதான் போடுவாங்கன்னு அவங்களே சொல்லிக் கொடுத்தாங்க. பாப்பா வர்றது நிஜம்தான். கேளு, இவன்கிட்ட கேளு."

"நிஜம்தான் அக்கா" என்றேன் நான். கூசாமல் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. "நான் நம்புறேங்க" என்றாள். நம்பத் துடிக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில அவளை நான் ஒரு வார்த்தை சொன்னேன். எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் அது தெரியும். உங்ககிட்ட இத்தனை பேசியிருக்கா. அதையும் சொல்லியிருப்பா இல்ல? என்ன சொன்னா?"

நான் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையாவது சொல்லுங்கள் மாமா, எதையாவது என்று உள்ளே அலறிக்கொண்டிருந்தேன்.

"அதை அவ மறந்தே போயிட்டாம்மா" என்றார் கடைசியில். "ஞாபகமே இல்லைன்னு சொன்னா."

நல்ல பதில்தான். எனக்கு அவ்வளவு நல்ல பதில் தோன்றியிருக்காது.

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள்.

"மறக்கிற வார்த்தை இல்லைங்க அது."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை. மாமாவும் எதுவும் சொல்வதில்லை. மாத்திரை அட்டை வாங்கியபடியே பிரிக்காமல் கிடக்கிறது. நான் போய்த் திட்டினால் "சரிடா" என்கிறாள், அவ்வளவுதான். போன மாதம் சர்க்கரை முந்நூற்றைம்பது. இந்த மாதம் விரலை நீட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். இனி அவளைச் சாப்பிடச் சொல்ல யாரும் இல்லை.

நேற்று மதியம் மாமா மாடியேறி என் கூடத்துக்கு வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் உட்கார்ந்தார். முகச்சவரம் செய்து நாலு நாள் இருக்கும்.

"எங்கேயாவது போய்த் தொலைன்னு அன்னைக்கு உங்கக்கா சொல்லியிருப்பாளோ, மாப்ள?"

கையிலிருந்த ரத்தக் குழாயை ஸ்டாண்டில் வைத்தேன்.

"எல்லா அம்மாவும் பிள்ளையைச் சொல்றதுதானே அது?"

"ஆமா மாமா. எல்லாரும் சொல்றதுதான்."

"அதுவா இருந்தா பரவாயில்ல" என்றார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பி நின்றார். "ஆனா அதுன்னா பாப்பா மறந்திருக்கலாமே, மாப்ள."