டிரைவர் ஃப்ரிம்பொங்கின் ஏழாம் நாள்

செர்வா நிலையாக ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடி எழுதுவாள், நடந்தபடி சாப்பிடுவாள். குமாசி நகரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் தொலைக்காட்சிக்குத் தொடர் எழுத வந்து பதினாறு வருடம். முதல் தொடரை ஆட்சிக் கவிழ்ப்பு விழுங்கியது. இரண்டாவதை விளம்பரக்காரர் விழுங்கினார். இரண்டுக்குமே அவள் கையால் முற்றும் போட விடவில்லை. அந்த ஆத்திரம் உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது தொடரில் ஃப்ரிம்பொங் என்றொரு டிரைவர். வாரம் ஒரு பயணம். ஏறுகிறவர்களில் ஒருவர் ஏற்கெனவே செத்தவர். யார் என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். நாட்டில் முக்கால்வாசிப் பேருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகள் நிற்கும் கெஜெட்டியா லாரி நிலையத்து டிரைவர்களோ பைத்தியமாகிவிட்டார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்கு அங்கே ஒரு வண்டி நகராது.

"பதிமூணாவது வாரத்தோட நிறுத்திக்கம்மா" என்றார் தொலைக்காட்சி நிலையத்து அதிகாரி. வந்த கோபத்தில் செர்வா அந்த வாரமே வண்டியைப் பாலத்திலிருந்து கவிழ்த்துவிட்டாள். நாலே வரியில் ஃப்ரிம்பொங் காலி.

அதற்குப் பிறகு கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அடுத்த சனிக்கிழமை காலையில் அதிகாரி கூப்பிட்டார். "எல்லாம் கனவுன்னு எழுதும்மா. இன்னும் இருபத்தாறு வாரம் தர்றேன்."

செர்வா தலைதெறிக்க, ஃப்ரிம்பொங்காக நடித்த பெஜினாவின் வீட்டுக்கு ஓடினாள். அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.

"அக்கா, லாரி ஸ்டாண்டுல எனக்கு ஏழாம் நாள் நடக்குது. என் போட்டோவ வெச்சு, தரையில மது ஊத்தி, செத்தவங்களோட சேத்துக் கூப்பிட்டாச்சு."

"உன்னை இல்லடா, ஃப்ரிம்பொங்கை!"

"மூஞ்சி யாரோடது? எங்கம்மா மூணு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டு என்னைப் பெத்தவ. இனி நடிக்க நான் வரல."

சடங்கை டிரைவர்களே திரும்ப வாங்கிக்கொண்டால் இவன் வருவான் என்று கணக்குப் போட்டு, அவள் லாரி நிலையத்துக்கு ஓடினாள். சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி போர்த்தி நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டா பாரு கொலைகாரி!" என்றான் ஒருத்தன்.

சங்கத் தலைவர் அஜெய் கிழவர் கையமர்த்தினார். செர்வா மூச்சுவாங்கச் சொன்னாள்: "பெரியவரே, அவன் சாகல. கனவுன்னு மாத்திடறேன். ஊத்தினத திருப்பி வாங்கிக்குங்க."

"முப்பது வருஷமா இந்த ரோட்டுல ஓட்டுறேன் தாயி. எத்தனையோ பேரு போயிட்டாங்க. கனவுன்னு ஒருத்தனாவது எந்திரிச்சு வந்திருக்கானா?" கிழவர் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அத விடு. ஏன் செத்தான்? ஏழாம் நாள்ல சொல்ற காரணமும் அடக்கத் தேதியும் கேக்கத்தான் உக்காந்திருக்கோம். குடிச்சிருந்தான், தூங்கிட்டான்னு ஊரே பேசுது. எவன் செத்தாலும் டிரைவர் மேலதான பழி?"

செர்வாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. காரணம் என்று ஒன்றை அவள் யோசிக்கவே இல்லை.

"அவன் மேல தப்பில்ல, பெரியவரே. எனக்கு வேற எடத்துல வந்த கோபம். அவன் மேல காட்டிட்டேன்."

அஜெய் கிழவர் எழுந்து அவள் அருகே வந்தார்.

"அப்ப இதையே டிவில சொல்லுவியா?"

இருபத்தாறு வாரம். பதினாறு வருடத்தில் யாரும் அவளுக்கு அவ்வளவு தந்ததில்லை.

"ஒரே ஒரு வாரம் கேட்டு வாங்குறேன்" என்றாள். "அடுத்த சனிக்கிழமை, ஆறு மணிக்கு அடக்கம். டிரைவர் மேல தப்பில்லன்னு நாடு பூரா கேக்கும். அதோட முற்றும்."