மெங்குவாங் முள்

புஷ்பவள்ளிக்கு ஐம்பத்து நாலு வயது. ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவள். பாம்புக்கும் பயப்பட மாட்டாள், வேலை வாங்கும் மண்டோருக்கும் பயப்பட மாட்டாள். அப்பேர்ப்பட்டவள் மூன்று மாதமாக ஒரே ஒரு சொல்லுக்கு நடுங்கிக்கொண்டிருந்தாள். இனிப்புநீர்! சர்க்கரை வியாதிக்கு அங்கே அதுதான் பேர்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவன். காலில் ஒரு புண் வந்தது, அவனுக்கு வலியே தெரியவில்லை. "தானா ஆறிடும் லா" என்றான். ஆறவில்லை. முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எட்டாவது மாதம் ஆளே போய்விட்டான். தினமும் அந்தப் புண்ணின் கட்டைப் பிரித்துக் கட்டியவள் புஷ்பவள்ளிதான். அந்த வாடை இன்னும் அவள் மூக்கில் இருக்கிறது.

இப்போது அவளுக்கும் ஓயாமல் தாகம் எடுத்தது. பாதம் ஏதோ துணி சுற்றியதுபோல இருந்தது. மகள் மோகனா இரத்தம் சோதிக்க மூன்று தடவை கிளினிக்கில் தேதி வாங்கினாள். புஷ்பவள்ளி ஒரு தடவை மழை என்றாள், ஒரு தடவை கோயில் பூசை, மூன்றாவது தடவை தலைவலி. பயந்தவளுக்குச் சாக்குக்கா பஞ்சம்!

"எஸ்டேட்ல செருப்பு இல்லாம நடந்த காலும்மா இது. காய்ச்சுப் போயிருக்கு, அவ்வளவுதான். என்னைச் சும்மா விடு" என்பாள்.

மோகனாவும் சளைத்தவள் இல்லை. "கிளினிக் வேணாம்னா பரவால்ல. அறைக்குள்ளயே அடைஞ்சி கெடக்காம கீழ போய் நாலு பேரோட பேசுங்கம்மா" என்று பாய் முடையும் வகுப்பில் பேர் கொடுத்துவிட்டாள்.

அம்பாங்கானில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே பொதுமண்டபத்தில், ஞாயிறு காலையில் அந்த வகுப்பு. கற்றுக்கொடுத்தவள் லீனா. தெமுவான் பூர்வகுடிப் பெண், மோகனா வயதுதான் இருக்கும். மெங்குவாங் என்ற தாழை இலையைக் கட்டுக்கட்டாக மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவாள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், இரண்டு ஓரத்திலும் முள், நடுநரம்பின் அடியிலும் முள். முள்ளைச் சீவி எறிந்துவிட்டுத்தான் இலையை நாராகக் கீற வேண்டும். பிறகு ஊறவைத்துக் காயவைத்தால் பாய்க்கு ஆகும்.

முதல் நாளே புஷ்பவள்ளி ஒரு காரியம் செய்தாள். யாரும் பார்க்காதபோது ஒரு முள்ளை எடுத்து விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். சுருக்கென்றது. அடுத்த விரலிலும் சுருக்கென்றது. பத்து விரலையும் குத்திப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று கண் கலங்கிப்போனாள். எனக்கு இல்லை, எனக்கு அந்தச் சனியன் இல்லை! காலைக் குத்திப் பார்த்தாளா? மாட்டாள். கைக்குக் கிடைத்த தைரியம் கால்வரைக்கும் இறங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு எல்லாருமாகப் பச்சை இலையில் முள் சீவினார்கள். தரையெங்கும் முள்நார். கூட்டி அள்ளும்வரை யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது என்பது லீனாவின் கண்டிப்பு. முள் போனபிறகுதான் பாயில் கால் வைக்க விடுவாள்.

புஷ்பவள்ளி கேட்டால்தானே! செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு துடைப்பத்தை எடுத்தாள்.

"புஷ்பம்! முள்ளு ஏறிடும்டி!" என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி.

"என் காலுலயா? முள்ளுதான் ஒடையும் லா!"

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முழுக்கக் கூட்டி அள்ளிவிட்டு, லீனா சொல்லிக்கொடுத்தபடி முடைந்த பகுதியின்மேல் பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டு, முன்பே காயவைத்திருந்த நார்களை ஒன்று விட்டு ஒன்று தூக்கி முடையத் தொடங்கினாள். கை நன்றாக ஓடியது. பல மாதத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

"ஐயையோ, ரத்தம்! யாரு கைய கிழிச்சிக்கிட்டது?" என்று லெட்சுமி கத்தினாள்.

வெளுத்த பாயில் சிவப்பாக நாலைந்து சொட்டு. எல்லாரும் கையை விரித்துப் பார்த்தார்கள். புஷ்பவள்ளியும் விரித்தாள், சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தாள், சொட்டுகள் அவள் குதிகாலை ஒட்டி இருந்தன. யாரும் பார்ப்பதற்குள் கைலியை இழுத்துப் பாதத்தை மூடினாள்.

லீனா பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கைலியை விலக்கி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலில் முள்நார் துண்டு ஒன்று அரை விரற்கடை ஆழத்துக்கு இறங்கி ஒடிந்திருந்தது.

"சாக்கிட், காக்?" வலிக்கிறதா அக்கா என்று மலாயில் கேட்டுக்கொண்டே குனிந்தாள்.

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது கத்த வேண்டும், கத்தாவிட்டால் கால் மரத்துப்போனது எல்லாருக்கும் தெரிந்துவிடும். புஷ்பவள்ளி பல்லைக் கடித்தாள், கண்ணை இறுக்க மூடினாள். எப்போது பிடுங்குகிறாள் என்று காத்திருந்தாள். லீனாவின் தோள் அசைவதுபோல் தெரிந்ததும் கத்தினாள்.

"ஆ! அம்மாடி! சாக்கிட், சாக்கிட்!"

லீனா அசையவில்லை. மெல்லத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். முள் அதில் இருந்தது.

"அப்போதே எடுத்துட்டேன், காக்" என்றாள் மலாயில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இப்போ பஞ்சு வச்சித் துடைக்கிறேன்."

லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. புஷ்பவள்ளி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குணாளனின் கால் மாதிரியே இருந்தது. பைக்குள் துழாவிப் போனை எடுத்தாள். மோகனாவின் எண்ணை லெட்சுமிதான் தட்டிக் கொடுத்தாள்.

"என்னம்மா?" என்றாள் மோகனா அந்தப் பக்கத்திலிருந்து.

"மோகனா, சீக்கிரம் வாடி. முள்ளு ஏறினது எனக்குத் தெரியல. எடுத்தது கூடத் தெரியலம்மா."